ஒன்பது சங்கு

என்னுடைய ஆய்வேட்டின் நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. வசனம் ஒன்றின் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு எதுவுமே இல்லை. நூலகத்தில் அதை எடுத்துப் பார்த்த மாணவர்கள் இரண்டு மூன்று பேர், "மிஸ், இதிலை ஏதோ விடுபட்டுப் போச்சு" என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஓம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். விளங்கப்படுத்தத் தொடங்கினால் ஒரு பாடவேளை முழுதும் போய்விடும், எனக்குப் பொறுமையும் குறைவு. இப்போது ஆற அமர இருந்து எழுதுகிறேன்.

எண்பத்தேழாம் ஆண்டு நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். தற்காலிகம் என்ற அந்தச் சொல்லை வெறுத்த அளவுக்கு வேறெந்தச் சொல்லையும் நான் வெறுத்ததில்லை. அப்பா இல்லை. அம்மாவும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் வீட்டில் இருந்து வெங்காயம் கட்ட வேண்டியதுதான்.

ஆய்வு, வடகரைக் கடற்றொழிலாளர் பேசும் சொற்களைப் பற்றியது. நானோ வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை, மீன் முள் எடுக்கக்கூட அம்மா வேண்டும். ஆனாலும் இரண்டு வருடமாகக் குடையும் கொப்பியுமாக பஸ் ஏறி, வல்வெட்டித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் அலைந்து, காற்றுகளின் பெயர், வலைகளின் பெயர், நீரோட்டத்தின் பெயர் என்று முந்நூறுக்கு மேல் சேர்த்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் பரீட்சகருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ச் சொல்லைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் தெரியாதவரிடம் புள்ளி வாங்க வேண்டும். அதைப் பற்றி அன்று நான் யோசிக்கவில்லை, வேலைதான் பெரிதாகத் தெரிந்தது.

தட்டெழுத்து மெஷினில் அடிப்பதுதான் அப்போது வழக்கம். என் மேற்பார்வையாளர் எங்கேயோ கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "அதிலை அடிச்சால் திருத்திறது சுகம், பக்கம் பக்கமாகத் திருப்பி அடிக்கத் தேவையில்லை" என்றார். பட்டணத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு என்று பலகை போட்ட ஒரு அறை இருந்தது. ஒரேயொரு மெஷின். அதற்குச் சூடு பிடிக்கக்கூடாதென்று ஒரு மின்விசிறி. விசிறி மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாங்கள் வியர்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே அடித்துக் கொடுத்தவள் குருநகர்ப் பெண். என் வயதுதான், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தட்டெழுத்துப் படித்தவள். நான் அவளை நீர் என்று அழைப்பேன். அவள் என்னை மிஸ் என்பாள். அவளுடைய விரல் வேகத்துக்கு அந்த மெஷின் ஈடுகொடுக்காது. அவள் அடித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து ஏறிக்கொண்டிருக்கும்.

பல்கலைக்கழகம் ஒரு தாளில் விதிகளைத் தந்திருந்தது. புத்தகம் கட்டுவதற்காக இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும், மற்றப் பக்கங்களில் ஒரு அங்குலம். வரிக்கு வரி இரட்டை இடைவெளி. பக்க எண் வலது மேல் மூலையில். இரண்டு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்க வேண்டும். உள்ளே நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது.

மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழ்ச் சொல் வரும் இடத்தில் வெற்றிடம் விடுவது, பிறகு நான் கறுப்பு மையால் கையெழுத்தில் நிரப்புவது என்று பேசிக்கொண்டோம். முதல் அத்தியாயத்தை அப்படித்தான் அடித்தாள். பிறகு வலது ஓரத்தை நேராக்கும் கட்டளையைக் கொடுத்தாள். மெஷின் என்ன செய்ததென்றால், வரியை இழுத்து நிறுத்துவதற்காகக் கண்ட கண்ட இடத்திலெல்லாம் தானும் வெற்றிடம் விட்டது. எது சொல்லுக்கு விட்ட இடம், எது மெஷின் சும்மா விட்ட இடம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவசரக்காரி. அச்சில் வந்த தாளில் மளமளவென்று எழுதிக்கொண்டே போய், நாலாம் பக்கத்தில் பார்த்தால், வாடைக்காற்று தன் வசனத்தை விட்டு இரண்டு வரி கீழே போய் நிற்கிறது. அன்றைக்கு அந்த அறையில் நான் போட்ட சத்தம் கீழே கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். பிழை முழுவதையும் அவள் தலையில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அவள் ஒரு வழியோடு வந்தாள். விசைப்பலகையில், சின்ன 'ஏ'யைச் சுற்றி வாலை வளைத்த மாதிரி ஒரு குறி இருக்கிறதல்லவா, கடைச் சிட்டைகளில் விலைக்கு முன்னால் போடுவது. எங்கள் ஆய்வேட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

"தமிழ் வாற இடத்திலை இந்தச் சங்கை அடிக்கிறன் மிஸ். ஓரமெல்லாம் நேராக்கி முடிஞ்ச பிறகு, கடைசியாச் சங்கையெல்லாம் எடுத்துப்போட்டு வெறும் இடம் விடுவம்."

"உது சங்கோ? சுழியெல்லோ?"

"சுழி எண்டு சொல்லாதேங்கோ" என்றாள் சட்டென்று. "சங்கெண்டே சொல்லுவம்."

எத்தனை சங்கு போடுவது என்பதற்கும் அவளிடம் கணக்கிருந்தது. கையால் எழுதும்போது பக்கவாட்டில் இடம் பிடிக்கும் ஒவ்வொரு உருவுக்கும் ஒரு சங்கு. கொம்புக்கு ஒன்று, அரவு என்கிற துணைக்காலுக்கு ஒன்று. மேலே வைக்கும் குற்றுக்கும் கீழே இழுக்கும் கோட்டுக்கும் கிடையாது. வாடை என்றால் நாலு. தென்காற்றான சோழகம் என்றால், கொம்பு, ச, அரவு, ழ, க, ம் என்று ஆறு. அப்படி எண்ணி விட்ட இடத்தில் நான் எழுதினால் சொல் அளந்து தைத்த சட்டை போலப் பொருந்தியது. எனக்கு உள்ளுக்குள் வியப்புத்தான், ஆனால் வாயைத் திறந்து நல்லதென்று ஒரு சொல் சொல்லவில்லை.

கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே பிள்ளையார் சுழி போடுவது எனக்குப் பழக்கம். இரண்டாம் அத்தியாயம் அச்சாகி வந்தபோது ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு சங்கு தனியாக நின்றது.

"உதென்ன?"

"நீங்கள் 'உ' போட்டிருக்கிறியள். நான் இடம் விட்டிருக்கிறன்."

"அது பிள்ளையாருக்கு!"

"தெரியும் மிஸ். பிள்ளையாரை நான் எப்பிடி எடுக்கிறது? நீங்களே எடுங்கோ."

முப்பத்தெட்டுப் பக்கத்திலும் பிள்ளையாரை நானே எடுத்தேன்.

ஐந்து அத்தியாயமும் அடித்து முடிந்து, ஓரம் நேராக்குவதும் அச்செடுப்பதும்தான் பாக்கி என்றிருந்தபோது ஐப்பசி வந்தது. சண்டை வந்தது. உடுத்த உடுப்போடு மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். கரும்பலகைக்குக் கீழே நாங்கள் ஆறு குடும்பம். தம்பி மட்டும் தன் கணிதப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தான். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

கார்த்திகை முடியும் நேரம்தான் வீட்டுக்குப் போக முடிந்தது. அறைக்கூரை இறங்கி அலுமாரிக்கு மேல் கிடந்தது. அதற்கு மேல் ஒரு மாரி மழை பெய்து முடிந்திருந்தது. கொப்பிகள், கையெழுத்துப் பிரதி எல்லாம் கூழ். மை கரைந்து ஓடியிருந்தது, ஒரு சொல்லாவது வாசிக்க முடியவில்லை. "ஒரு பிரதி எடுத்து வைக்கேல்லையோ?" என்று கேட்டவர்களையெல்லாம் கடித்துக் குதறினேன். அம்மா அந்தக் கூழைக் கூட்டி அள்ளியபோது அழுதேன். உயிர் போன வீடுகள் அயலில் இருந்தன, அதனால் அந்த அழுகையும் வெட்கமாக இருந்தது.

தை பிறந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவளைத் தேடிப் போனேன். உயிரோடு இருக்கிறாளா என்பதுதான் முதல் பயம். குருநகரில், கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொண்டுவந்தாள். அதற்குள், பொலித்தீன் பையில் சுற்றி, என் ஆய்வேட்டைப் பதிந்து வைத்த ஏழு பிளொப்பியும் இருந்தன. சனங்களோடு கோயிலுக்குள் ஒதுங்கியிருந்த நாட்களில் பேணியைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்திருந்தாளாம்.

மெஷினை அதன் சொந்தக்காரர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியிருந்தார். மாசி முதல் கிழமை அது மேல்மாடிக்குத் திரும்பியது. பகலில் சில மணித்தியாலம் மின்சாரம் வரும். முதல் பிளொப்பியைப் போட்டாள். திரை நிறையப் பச்சை எழுத்து. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆங்கிலம் ஒரு எழுத்துக் குறையாமல் தப்பியிருந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் சங்கு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சேர்த்த சொல் ஒன்றுகூட அந்தப் பிளொப்பிகளில் இல்லை. சொல்லைச் சுற்றி நான் சொன்ன கதைதான் இருந்தது.

பங்குனி முடிவுக்குள் நாலு பிரதி கொடுக்க வேண்டும். சண்டையைக் காரணம் காட்டி ஒரு தவணை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, இன்னொன்று கிடையாது என்று கடிதம் வந்திருந்தது. மீண்டும் கரையோரம் போய்ச் சேர்க்கலாமென்றால் பாதைகள் திறந்த பாடில்லை. அறுபது எழுபது சொல் எனக்கே ஞாபகம் இருந்தது. மற்றவற்றுக்கு எங்கே போவது? கதிரையில் இருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரையைப் பார்த்தபடி, "ஆறு சங்கு. காற்று. சோழகம்" என்றாள்.

"கொண்டலும் ஆறுதான்" என்றேன் எரிச்சலோடு. எழுதி எண்ணிப் பார்த்தேன், ஆறேதான்.

"உதிலை ஆனி மாசம் எண்டெல்லோ கிடக்கு. ஆனியிலை கொண்டல் எங்காலை வாறது?"

பேனாவை எடுத்தேன். அவள் அடுத்ததற்குப் போனாள். வலை அத்தியாயத்தில் கொஞ்சம் சிக்கினோம். களங்கண்டியும் ஆறு, கரைவலையும் ஆறு, சிறகுவலையும் ஆறு. "எங்கடை வலையளுக்கெல்லாம் ஒரே அளவிலை பேர் வைச்சிருக்கினம்" என்று சிரித்தாள். முன்னாலும் பின்னாலும் இருந்த ஆங்கிலத்தை மெதுவாக வாசித்து, ஆழமில்லாத தண்ணீரில் தடி நட்டுக் கட்டுவது களங்கண்டி, கரையிலிருந்து ஆட்கள் கூடி இழுப்பது கரைவலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எனக்கு முழுதாக மறந்துபோன சொற்கள் அவள் வாயிலிருந்து சும்மா விழுந்துகொண்டிருந்தன.

"உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"நான் குருநகரெல்லோ மிஸ். என்ரை அவர் கடற்றொழிலுக்குப் போறவர். அப்பாவும் அப்பிடித்தான்."

"பிறகேன் முந்தியே ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அது குத்திக்காட்டிச் சொன்னதில்லை. கேட்கவில்லை என்பது உண்மை, அதைச் சொன்னாள். இரண்டு வருடம் பஸ்ஸில் இடிபட்டு வல்வெட்டித்துறைக்குப் போன எனக்கு, பக்கத்துக் கதிரையில் இருந்தவளைக் கேட்கத் தோன்றவில்லை. அடித்துத் தருகிறவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம்தான். கரையோரத்துக் குருநகராள்தானே என்ற இளக்காரமும் அதற்குள் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு முகம் சுட்டது.

இன்னொன்றும் வெளிப்பட்டது. ஒரு இடத்தில் நான் எழுதியிருந்தது கட்டுமரம் என்று நன்றாக ஞாபகம். ஆறு சங்கு வேண்டும். திரையில் நாலுதான் நின்றது.

"இதிலை பிழை விட்டிட்டீர்" என்றேன். அவள் விட்ட பிழையைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"பிழையில்லை. கூலியாக்களோடை எட்டுப் பேர் ஏறிப் போறதெண்டு எழுதியிருந்தனீங்கள். எங்கடை கட்டுமரத்திலை எட்டுப் பேர் ஏறினால் எட்டுப் பேரும் நீந்த வேண்டியதுதான். அது வள்ளம். அதுதான் நாலு விட்டனான்."

அப்படியானால் நான் கையால் கட்டுமரம் என்று எழுத வந்திருந்தால் இடம் போதாமல் திண்டாடியிருப்பேன், அப்போதாவது யோசிப்பேன் என்று விட்டிருக்கிறாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அந்தக் கிழமைகளைப் போல் நான் பிறகு எந்த ஆய்விலும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பங்குனி பிறந்து பத்தாம் நாள் நூற்றுப் பதினேழாம் பக்கத்துக்கு வந்தோம். கடலில் போனவர் திரும்பாவிட்டால் கரையில் எப்படிப் பேசுவார்கள் என்பது பற்றிய பகுதி. முதல் நாள் ஒரு மாதிரி, மூன்றாம் நாள் ஒரு மாதிரி, எட்டு நாள் போன பிறகு வேறு மாதிரி. எல்லாம் சுற்றிவளைத்துச் சொல்லும் சொற்கள், அவற்றையெல்லாம் அவள் தந்தாள். கடைசியாக, சுற்றிவளைக்காத ஒரே சொல் ஒன்று உண்டு என்று என் ஆங்கில வசனம் சொன்னது. அதன் பின்னால் ஒன்பது சங்கு.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள்.

"இது சொல்லேலாது மிஸ்."

"தெரியாதோ?"

"தெரியும். அவர் இப்ப கடலிலை நிக்கிறார்."

"அப்ப எழுதித் தாரும்."

"எழுதவும் மாட்டன்."

"முந்தி இதை அடிச்சனீர்தானே? ஒன்பதெண்டு எண்ணியிருக்கிறீர்."

"எழுத்தைத்தான் எண்ணினனான். முன்னாலையும் பின்னாலையும் அடிமட்டத்தை வைச்சு மறைச்சு, ஒவ்வொரு எழுத்தா. சொல்லா வாசிக்கேல்லை."

எனக்கு அந்தச் சொல் சுத்தமாக ஞாபகமில்லை. கேட்ட இடம், கேட்ட நாள், கொப்பியில் எந்த மூலையில் எழுதினேன் என்பதெல்லாம் ஞாபகம், சொல் இல்லை. முந்நூறு சொல்லில் இரண்டு மூன்று பிழைத்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த அத்தியாயமே இந்த ஒன்றை நோக்கித்தான் போனது. இருபது நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த நீரே இப்படி மூடநம்பிக்கை கதைக்கலாமோ, இது ஆய்வு, என் வேலை போய்விடும், அது இது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்கை அம்மாவுக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?" என்றாள்.

"என்ன சொல்லுறது? போட்டு வாறன் எண்டுதான்."

"ஏன், போறன் எண்டு சொல்லியிருக்கலாமே."

போறன் என்று சொல்லிவிட்டு வீட்டுப் படி இறங்கியது என் ஆயுளில் ஒரு நாளும் இல்லை. அந்தக் காலத்தில், எங்கள் ஊரில், யார்தான் சொல்வார்கள்?

ஆனாலும் நான் விடுகிற ஆளில்லை. மறுநாள் போய், "அவர் வந்திட்டாரோ?" என்று கேட்டேன். சுகம் விசாரிக்கவில்லை, சொல்லுக்காகத்தான் கேட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

"வந்திட்டார். வீட்டிலை படுத்திருக்கிறார்."

"அப்ப இண்டைக்குச் சொல்லலாம்."

"என்ரை தம்பி போயிருக்கிறான்." அடுத்த பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தபடி, "நாளைக்குத் தம்பி வருவான், வேறை ஆரின்ரையும் மனிசன் போவார். எங்கடை ஆக்களிலை ஆராவது ஒராள் எப்பவும் தண்ணியிலை நிப்பினம் மிஸ். எந்த நாளெண்டு பாத்துச் சொல்லுறது?" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு அந்த ஒன்பது சங்குச் சொல்லைச் சொன்ன வல்வெட்டித்துறை அம்மா முழுதாக நினைவுக்கு வந்தார். அதுவரை, சொல் தந்தவர் என்று மட்டும்தான் அவரை நினைத்திருந்தேன். முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பத்து வீட்டில் கேட்டேன், பத்து வீட்டிலும் பேச்சை மாற்றிவிட்டார்கள். அவரிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே, "எனக்கென்ன பிள்ளை, நான் சொல்லலாம்தானே. எனக்கினி ஆர் கடலிலை?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார். புருஷனும் இரண்டு மகன்மாரும் ஒரே வள்ளத்தில் போனவர்கள் என்று முதல் தரம் போனபோதே அயலார் சொல்லியிருந்தார்கள். நான் கொப்பியில் சொல்லை எழுதினேன். 'ற'வா 'ர'வா என்று திருப்பிக் கேட்டேன். அவர் இன்னொரு முறை சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்குத் தரை தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு புளுகம்.

அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு இழந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியபோது நடுவீதியில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன்.

இதனால்தான் நான் இடத்தை வெறுமையாக விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதில்லை. எனக்குச் சொல் ஞாபகம் வரவில்லை, வேறு வழியில்லை. மேற்பார்வையாளர், "அந்த வசனத்தையே வெட்டிவிடும்" என்றார். வெட்டப் போனபோது அவள்தான் தடுத்தாள்.

"வசனம் கிடக்கட்டும் மிஸ். அப்பிடி ஒரு சொல்லு இருக்கெண்டாவது தெரியட்டும்."

ஓரங்களை நேராக்கினாள். ஒன்றரை அங்குலம், ஒரு அங்குலம், இரட்டை இடைவெளி. கடைசியில் சங்கெல்லாம் எடுத்து வெற்றிடம் போடும் கட்டளையைக் கொடுத்தாள். மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்று அழுத்தினாள். பிறின்ரர் ஒரு பகல் முழுக்கக் கீச்சிட்டது. நாலு பிரதியிலும், முந்நூறு சொல்லையும் நான் கறுப்பு மையால் எழுதினேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தை நாலு தரமும் எழுதாமல் திருப்பினேன். பங்குனி முப்பதுக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். இதை நிரப்ப மறந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்தான். என் வாயில், இது இப்போது எழுதக்கூடாத சொல் என்று வந்தது. பிறகு நான் நிறுத்தவில்லை. கருவாடு காயப்போட்ட அம்மாவைச் சொன்னேன், என்னுடைய புளுகத்தைச் சொன்னேன், அடித்துத் தந்தவள் மடியில் கை வைத்ததைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று அந்த நேரம் இருந்தது. மேற்பார்வையாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சகர் ஆய்வேட்டை மூடிவைத்து, ஒரு அடிக்குறிப்புப் போடுங்கள், போதும் என்றார்.

அடிக்குறிப்புச் சேர்த்ததால் அந்த அத்தியாயத்தின் பக்கமெல்லாம் ஒரு வரி இறங்கி, பொருளடக்கமும் மாறி, அவளுக்கு மூன்று நாள் வேலை. 'இச்சொல் அறியப்பட்டுள்ளது. இங்கு தரப்படவில்லை' என்பது அதன் பொருள். நன்றியுரையில் அவள் பெயரை மேற்பார்வையாளர் பெயருக்கு மேலே போட்டேன். அதையும் அவள்தான் அடித்தாள். அடிக்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை நிரந்தரமானது.

தொண்ணூறில் மின்சாரம் போனது, பிறகு வரவில்லை. மேல்மாடி மெஷினுக்கு மேல் ஒரு சாக்கு விரித்திருக்கிறது என்று அவள் ஒரு நாள் சந்தையில் சொன்னாள். தொண்ணூற்று மூன்றில் என் தம்பி வெளிக்கிட்டான். இருபத்தொரு வயது. கிளாலிக்குப் போய், வள்ளம் ஏறி, கடல்நீரேரியைக் கடந்து, அங்கிருந்து கொழும்பு. ஏறினவர்கள் எல்லோரும் அக்கரை சேர்வதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். "போட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான்.

மறுநாள் காலை செய்தி ஒன்றும் இல்லை. அம்மா சாமி அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எதையும் நினைக்கவில்லை. தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் வந்தது. ஐந்து வருடமாகத் தேடியும் வராத சொல், ஒன்பது சங்கும் நிறைய, அந்த அம்மாவின் குரலிலேயே, நுனி நாக்கில் வந்து நின்றது. செம்பிலிருந்த தண்ணீரை வாய் நிறைய எடுத்து, விழுங்காமல், துப்பாமல், அடுப்படியில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அம்மா வந்து பார்த்துவிட்டு, திரும்பச் சாமி அறைக்குப் போனார்.

ஐந்தாம் நாள் ஆள் மூலம் கடிதம் வந்தது. 'சுகமாக வந்து சேர்ந்தேன்' என்று முதல் வரியில் எழுதியிருந்தான். அம்மா கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். நான் என்னிடமிருந்த பிரதியை எடுத்து, நூற்றுப் பதினேழாம் பக்கத்தை விரித்து, பேனாவைத் திறந்தேன். தம்பி கரையில். எனக்கினி யார் கடலில்? எழுதலாம்தானே.

அப்போது அம்மா குசினியிலிருந்து, "பக்கத்து வீட்டுப் பெடியன் நாளைக்குக் கிளாலிக்கு வெளிக்கிடுறானாம்" என்றார்.

பேனாவை மூடி வைத்தேன்.